மைதானமா, திரையா?

பணத்தை மட்டும் பார்த்தால் இ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகள், எப்போதோ பெரிய விளையாட்டுகளின் வரிசைக்கு வந்துவிட்டது. 2021-இல் டோட்டா 2 ஆட்டத்தின் 'தி இன்டர்நேஷனல்' போட்டிக்குச் சேர்ந்த பரிசுத்தொகை 4 கோடி டாலர். சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். நட்சத்திரங்களுக்கும் குறைவில்லை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற ஆட்டத்தின் உலகப் பட்டத்தை 2013-இல் வென்ற தென்கொரியாவின் ஃபேக்கர், 2024-இலும் அதை வென்றார். எந்த மைதானத்திலும் இது அபூர்வமான ஆயுள்.

ஆனால் கால்பந்துக்கு முதலாளி கிடையாது. 1863-இல் லண்டனில் விதிகளை எழுதியவர்கள் போய்விட்டார்கள், ஆட்டம் இருக்கிறது. ஒரு பந்து கிடைத்தால் யாரும் ஆடலாம். வீடியோ கேம் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அவர்கள் விதியை மாற்றினால் வீரர் பல மாதம் பழகியது வீண். ஓவர்வாட்ச் என்ற வீடியோ கேமுக்கான ஓவர்வாட்ச் லீக், நகரங்களின் பெயரில் அணிகளோடு 2018-இல் தொடங்கியது. 2023-ஓடு முடிந்தது. அந்த அணிகளை நேசித்தவர்கள் எங்கே போவார்கள்? இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பார்ப்பதிலும் கால்பந்து சுலபம். பந்து வலைக்குள் போனால் குழந்தைக்கும் புரியும். டோட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் திறன்கள். ஆடிப் பழகாதவருக்குத் திரையில் வெறும் ஒளிச்சிதறல்தான்.

கால்பந்துபோல் நிலைக்கும் என்ற என் நம்பிக்கை கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் மீது. ஐவருக்கு எதிராக ஐவர், குண்டை வைக்க வேண்டும் அல்லது தடுக்க வேண்டும். 1999-இல் பிறந்த ஆட்டம் இது. அன்று ஆடியவர்கள் இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.