ராக்கி படத் தொகுப்பு: ப்ளூரே, 4கே டிஸ்க்குகளைப் பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த ராக்கி குத்துச்சண்டைப் படங்களின் டிஸ்க் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "படம் பளிச்சென்று இருக்குமா?" என்றுதான். 1976-இல் வந்த முதல் படத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே பிசகு. சுமார் பத்து லட்சம் டாலர் செலவில் 28 நாளில் எடுத்து முடித்த படம் அது. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் கிரேப், பிலடெல்பியாவின் குளிர்காலத் தெருக்களையும் மங்கிய பல்பு எரியும் அறைகளையும் அவை இருந்தபடியே பிடித்திருக்கிறார். கிரெய்ன் (ஃபிலிமில் இயல்பாகத் தெரியும் பொடிமணல் போன்ற துகள்) மொய்க்கத்தான் செய்யும். அதைத் துடைத்தெடுத்த டிஸ்க்கை, 4கே (ப்ளூரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள்) என்று அட்டையில் போட்டிருந்தாலும் நல்ல டிஸ்க் என்று சொல்ல மாட்டேன்.

2006-இல் வந்த முதல் ப்ளூரேயைப் பழைய கடையில் மலிவாகப் பார்த்தாலும் விட்டுவிடுங்கள். 2009-இல் ஆறு படமும் ஒரே பெட்டியில் வந்தன. 2014 பெட்டிக்காக முதல் படத்தை மட்டும் 4கே-யில் புதிதாகச் சீரமைத்தார்கள், மற்றவை பழைய சரக்கு. 2023-இல் முதல் நான்கு படங்களும் 4கே டிஸ்க்காக வந்தன. இரண்டு, மூன்று, நான்காம் பாகங்களுக்கு இதுதான் உண்மையான முன்னேற்றம், நிறமும் இருட்டும் பழைய ப்ளூரேயைவிட எவ்வளவோ மேல். ஆனால் முதல் படத்தின் 2014 ப்ளூரே கையில் இருந்தால் அதைத் தள்ளிவிட அவசரமே வேண்டாம்.

எந்த டிஸ்க்காக இருந்தாலும் மூன்று இடங்களில் நிறுத்திப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும்.

முதலாவது, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ராக்கி ஐந்து முட்டைகளை கிளாசில் உடைத்து ஊற்றும் காட்சி. இருட்டு அறை, ஃபிரிட்ஜைத் திறந்ததும் வரும் வெளிச்சம். ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கும் சுவரும் சாமான்களும் ஒரே கறுப்பாக அப்பிக்கிடந்தால், டிவியில் பிளாக் லெவல் (கறுப்பின் அளவு) தவறாக இருக்கிறது. கறுப்பு கட்டம் கட்டமாக நெளிந்தால் பிட்ரேட் (ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் கிடைக்கும் டேட்டா) போதவில்லை. கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் அதைச் சுருக்குவது கடினம். ஸ்ட்ரீமிங்கில் இந்தக் காட்சி முதலில் அடிவாங்குவது அதனால்தான்.

இரண்டாவது, கடைசிச் சண்டை. குத்து விழும்போது தலையிலிருந்து வியர்வை தெறிக்கும். ஒரு துளி ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. படத்தின் இரைச்சலை (நாய்ஸ், அதாவது புள்ளிப் பொடியை) நீக்கும் மென்பொருள் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருப்பதைக் குப்பை என்று அழிக்கும். கிரெய்னோடு வியர்வையும் போய்விடும், முகம் மெழுகு பூசியது போல் ஆகும். துளிகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, தொடர்ச்சிப் படங்களின் தொடக்கம். இரண்டிலிருந்து ஐந்தாம் பாகம் வரை ஒவ்வொன்றும் முந்தைய படத்தின் கடைசிச் சண்டையோடு ஆரம்பிக்கும். பழைய காட்சியை நகலிலிருந்து எடுத்துச் சேர்ப்பது ஃபிலிம் காலத்து வழக்கம் என்பதால் அந்தப் பகுதியில் கிரெய்ன் தடிப்பாகவும், புதுக்காட்சி வந்ததும் மெலிதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வழவழப்பில் இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் டிவியைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் அல்லது சினிமா மோட். நாய்ஸ் ரிடக்‌ஷன் டிவியிலும் பிளேயரிலும் ஆஃப். ஒன்றை மறந்தாலும் பலன் இல்லை. ஷார்ப்னஸை, எழுத்துகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு மறையும்வரை இறக்குங்கள். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 ஃபிரேம்) வெளியீடு ஆன். மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்க டிவி தானே ஃபிரேம்களைச் சேர்ப்பது) கட்டாயம் ஆஃப், ஏனென்றால் அருங்காட்சியகப் படியில் ராக்கி ஓடி ஏறும் காட்சியை காரெட் பிரவுன், தான் உருவாக்கிய ஸ்டெடிகேமில் (கேமரா குலுங்காமல் உடலோடு தாங்கும் கருவி) எடுத்தார். கேமரா மிதந்து போகும் அந்த அசைவின் மேல் டிவியும் ஃபிரேம்களை இட்டு நிரப்பினால் சீரியல் பார்ப்பது போல் ஆகிவிடும்.

ஒலியில் ஒரே விஷயம்: முதல் படம் மோனோவில் (ஒற்றைத் தட ஒலி) வந்தது. டிஸ்க்கில் மோனோ டிராக் இருந்தால் அதையே போடுங்கள். 5.1-இல் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஒலி) பில் கான்டியின் இசை விரிந்து கேட்கும், குத்துச் சத்தம் மட்டும் ஒட்டாமல் நிற்கும்.

நான்காம் பாகத்துக்கு இரண்டு வடிவம். 1985-இல் வந்தது 91 நிமிடம். 2021-இல் ஸ்டாலோன் மறுபடி வெட்டியதில் சுமார் 40 நிமிடம் புதுக்காட்சி, ராக்கியின் மைத்துனன் பாலியின் ரோபோ இல்லை. படத்தை மேலும் கீழும் வெட்டி அகலத்திரை ஆக்கியிருப்பதால் சில நெருக்கக் காட்சிகளில் நெற்றி போய்விடுகிறது. ராக்கியின் பழைய எதிராளியும் நண்பனுமான அப்போலோவுக்குக் கூடுதல் இடம் கிடைத்திருப்பது மனதுக்கு நிறைவு. ஆனாலும் முதல்முறை பார்ப்பவருக்கு 1985 வடிவத்தைத்தான் போடுவேன்.

கூடுதல் பகுதிகளில் முதலிடம், இயக்குநர் ஜான் அவில்ட்சன் 8 மிமீ கேமராவில் எடுத்த ஒத்திகைக்கு. ஸ்டாலோனும் அப்போலோவாக நடித்த கார்ல் வெதர்ஸும் அடிகளை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்புவது தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குத் திரும்பினால் எந்தக் குத்து எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் பேசும் பகுதி அடுத்தது. சண்டையைக் கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கி எடுத்தார்கள், முழு வீக்கத்தையும் ஒட்டிவிட்டு நாளாக நாளாகக் கழற்றிக்கொண்டே வந்தார்கள். ஸ்டெடிகேம் பற்றி பிரவுன் சொல்வதையும் விடாதீர்கள்: அவர் தோழி அதே படிகளில் ஓடிய சோதனைக் காட்சியைப் பார்த்துத்தான் அவில்ட்சன் அந்த இடத்தைத் தேடினார். டிரெய்லர்கள் ஒருமுறைக்குப் போதும்.

எல்லாப் பெட்டியிலும் எல்லாப் பகுதியும் இருக்காது. புதுப் பெட்டி வந்ததும் பழையதை விற்பதற்கு முன், இரண்டின் பின்னட்டையையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள், குறிப்பாக ஆடியோ கமென்ட்ரிகளை (படம் ஓடும்போதே எடுத்தவர்கள் பேசும் ஒலித்தடம்). 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு (வேறு நாட்டு பிளேயரில் ஓடாதபடி தடுப்பது) கிடையாது. அதே பெட்டிக்குள் வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். கூடுதல் பகுதிகள் பெரும்பாலும் அதில்தான்.