"60 கிலோ செட்" என்று வாங்கியதில் இருந்தது 48 கிலோ: வீட்டு ஜிம் அமைப்போர் கவனத்திற்கு

வீட்டிலேயே ஒரு சிறிய ஜிம் அமைத்துக்கொள்ளும் எண்ணத்தில், விளம்பரத்தைப் பார்த்து, "60 கிலோ முழு செட், பெஞ்சும் ஸ்டாண்டும் சேர்த்து" என்று விற்கப்பட்ட ஒரு தொகுப்பை வாங்கினேன். நான்கு மாதங்களுக்குள் அதில் நம்பிக் கைவைக்கக்கூடிய பொருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் இடது மணிக்கட்டிலும் அடிபட்டது. விற்றவர்களின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் ஒரே பெயரில் நீண்ட நாள் விற்பதுமில்லை. ஆனால் வந்த பொருள் எப்படி இருந்தது, எவற்றையெல்லாம் நான் சோதிக்காமல் விட்டேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன். கையில் குறைவான பணத்தை வைத்துக்கொண்டு, தொடங்கினால் போதும் என்ற ஆசையோடு இருப்பவர்களைக் குறிவைத்தே இத்தகைய செட்டுகள் விற்கப்படுகின்றன.

அந்த 60 கிலோவுக்கு அவர்கள் காட்டிய கணக்கு இது: 10 கிலோ பிளேட் (கம்பியில் மாட்டும் வட்ட எடை) நான்கு, இரண்டரைக் கிலோ பிளேட் நான்கு, ஐந்தடி நீளமும் 7 கிலோ எடையும் கொண்ட பார் (இரு கைகளாலும் தூக்கும் நீளக் கம்பி) ஒன்று, ஒன்றரைக் கிலோ டம்பெல் ராடு (ஒரு கையால் தூக்கும் குட்டைக் கம்பி) இரண்டு. வாங்குவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, பார் உள்ளே கெட்டியானதுதானா என்று கேட்டேன். "முழுக்க சாலிட் ஸ்டீல் சார், 200 கிலோ வரைக்கும் தாங்கும், தைரியமா வாங்குங்க" என்றார் எதிர்முனையில் இருந்தவர். பெட்டிகள் வந்திறங்கிய அன்று, கொண்டுவந்தவர் அவசரப்படுத்தியதால், "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருந்த தாளில், ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கையெழுத்திட்டேன். பின்னால் எனக்கு எதிராக அவர்கள் காட்டிய முதல் ஆதாரம் அந்தத் தாள்தான்.

முதல் சில வாரங்கள் குறையொன்றும் தெரியவில்லை. பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்துப் பாரை மார்புக்கு மேலே தூக்கி இறக்கும் பயிற்சி, செய்யும்போது மட்டும் இடது கை எப்போதும் பின்தங்கியது. இடது தோள் பலவீனமாக இருக்கிறது என்று நானே முடிவுகட்டி, ஆறு வாரங்கள் இடது கைக்கென்று தனியாக டம்பெல் பயிற்சி செய்தேன். ஒரு நாள் தம்பி, "அண்ணா, பிளேட்டை எல்லாம் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துவிடலாமே" என்று சொல்லித் தராசைக் கொண்டுவந்தான். 10 கிலோ என்று எழுதியிருந்த நான்கு பிளேட்டுகளும் முறையே 9.3, 9.1, 8.7, 8.4 கிலோ காட்டின. முதல் இரண்டும் எப்போதும் இடப்பக்கம் கிடந்தவை. ஆக, இடது கை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. தோளில் குறையேதும் இல்லை. இரண்டரைக் கிலோ பிளேட்டுகள் ஒவ்வொன்றும் 2.1 கிலோ, டம்பெல் ராடு ஒவ்வொன்றும் 800 கிராம், பார் இரண்டரைக் கிலோ. எல்லாவற்றையும் கூட்டினால் வந்தது 48 கிலோ. கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொருளில் ஐந்தில் ஒரு பங்கு இல்லவே இல்லை.

பிளேட் எடையில் சிறு வேறுபாடு இருப்பது இயல்புதான். வலுதூக்குதல் போட்டிகளில் பயன்படும் பிளேட், அதில் எழுதப்பட்ட எடையிலிருந்து 0.25 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. 10 கிலோவுக்கு அது 25 கிராம். வீட்டுப் பயிற்சிக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை, 200 அல்லது 300 கிராம் முன்பின் இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 10 கிலோவில் 1,600 கிராம் குறைவதை வார்ப்பில் நேர்ந்த பிசகு என்று யாரும் சொல்ல முடியாது.

பாரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதன் இரு முனைகளிலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன. எடை போட்ட அன்று, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இரண்டு மூடிகளையும் கழற்றி, பாரை ஜன்னலை நோக்கிப் பிடித்து ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மறுமுனையில் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. உள்ளே துருப்பொடி படிந்திருந்தது. நான் மார்புக்கு மேல் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது வெறும் குழாய்.

இதை வாங்கும் முன்பே, வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான எஃகுக் கம்பி மீட்டருக்குச் சுமார் 3.85 கிலோ இருக்கும். 28 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்குச் சுமார் 4.8 கிலோ. ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டரைவிடச் சற்று அதிகம். எனவே விளம்பரத்தில் போட்டிருந்த 25 மில்லிமீட்டர் பார் கெட்டியானதாகவே இருந்தாலும் 6 கிலோவை எட்டாது. இருபுறமும் உள்ள தடுப்பு வளையங்களைச் சேர்த்தாலும் 7 வராது. அவர்கள் கொடுத்த எண்களே ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நீளம், விட்டம், எடை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்றைச் சொல்லத் தயங்கினாலும் அந்தப் பாரை வாங்க வேண்டாம்.

பிளேட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் கலவை அடைத்தவை. அது சிமெண்ட் என்று அவர்கள் மறைக்கவில்லை, அதனால் அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பொருள் என்ன என்பது எனக்கு அப்போது புரியவில்லை. வார்ப்பிரும்பு சிமெண்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே அதே அகலமுள்ள சிமெண்ட் பிளேட் மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். என்னுடைய 10 கிலோ பிளேட் ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் தடிமன். ஒரு பக்கத்துக்கு இரண்டு பெரியதும் இரண்டு சிறியதும் மாட்டியவுடன் பாரில் இடம் தீர்ந்துபோனது. கூடுதலாகப் பிளேட் வாங்கினால்கூட மாட்ட வழியில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு பிளேட்டின் விளிம்பு வெடித்து, ஒவ்வொரு முறை தரையில் வைக்கும்போதும் சாம்பல் நிறப் பொடி கொட்டத் தொடங்கியது.

விபத்து நடந்தது நான்காவது மாதத்தில். பெஞ்சில் படுத்து, பாரைப் பாதி இறக்கியிருந்தபோது தலைப்பக்கக் கால் ஒன்று பிரிந்து, பெஞ்ச் இடப்புறமாகச் சரிந்தது. பின்னால் நின்ற தம்பி பாரின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டதால் அது என் கழுத்தில் விழவில்லை. இடப்பக்கம் தரையில் மோதி, என் மணிக்கட்டு பாருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் சிக்கியது. அன்று தம்பி வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் பதறுகிறது. குழாய் வில்லைப் போல வளைந்துவிட்டது. பிரிந்த காலைத் திருப்பிப் பார்த்தோம். சுற்றிலும் முழுமையாகப் பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்பில், இரண்டே இரண்டு இடங்களில் பொட்டு வைத்தாற்போல வெல்டிங் இருந்தது. மீதி இடைவெளியில் பட்டி பூசி, தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெல்டிங் குறைவாக இருப்பதைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். பட்டி பூசி மறைத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

புகைப்படங்களோடு விற்றவர்களைத் தொடர்புகொண்டேன். "கிலோ எல்லாம் தோராயம்தான் சார், எல்லா இடத்துலயும் அப்படித்தான்" என்பது முதல் பதில். பெஞ்சைப் பற்றிக் கேட்டதற்கு, நான் அளவுக்கு மீறிய எடையைப் போட்டிருப்பேன் என்றார்கள். திருப்பி அனுப்புகிறேன் என்றதும், அனுப்பும் செலவு என்னுடையது என்றார்கள். கனமான பொருளுக்கு அந்தச் செலவு விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இந்த வியாபாரம் நிற்பதே அந்த நம்பிக்கையில்தான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து, அன்றே ஒவ்வொன்றையும் தராசில் வைத்துக் காட்டியிருந்தால் என் புகாருக்கு வலு இருந்திருக்கும். பணத்தை நேரடியாக அவர்கள் கணக்கில் செலுத்தாமல், ஆட்சேபம் எழுப்ப வழியுள்ள அட்டை மூலம் செலுத்தியிருக்கவும் வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டியவர்கள் முழு செட்டாக வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "மொத்தம் இத்தனை கிலோ" என்ற ஒரே எண்ணுக்குள் மோசமான பாரையும் மோசமான பெஞ்சையும் எளிதாக ஒளித்துவிடலாம். முதலில் பாரை வாங்குங்கள், இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள். ஒலிம்பிக் அளவு பார் என்பது ஆண்களுக்கானது 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம், பிடிக்கும் இடம் 28 மில்லிமீட்டர்; பெண்களுக்கானது 15 கிலோ, 2.01 மீட்டர், பிடி 25 மில்லிமீட்டர். இரண்டிலும் பிளேட் மாட்டும் பகுதி 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தனிக் குழலாகச் சுழலும். ஒல்லியான பாருக்கான சிறு துளை பிளேட்டுகள் இதில் ஏறாது என்பதால், முதலில் எந்த அளவைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதிலேயே கடைசிவரை நிற்க வேண்டியிருக்கும். பெரிய பாருக்கு இடமோ பணமோ இல்லையென்றால் ஒல்லியான பாரும் தவறில்லை, ஆனால் அது கெட்டியாகவும் ஒரே துண்டாகவும் இருக்கட்டும். மரை போட்டு இரண்டு மூன்று துண்டுகளாக இணைப்பதை நான் தொடவே மாட்டேன்.

பிளேட்டுகளைப் பழையதாக வாங்கலாம். வார்ப்பிரும்பு கெட்டுப்போகும் பொருளில்லை. மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் துடைத்தால் போதும். விரிசல் உண்டா என்று மட்டும் பாருங்கள், தராசை உடன் எடுத்துச் செல்லுங்கள். பழைய பார் என்றால் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் நடுப்பகுதி ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

ஸ்டாண்டுக்கும் பெஞ்சுக்கும் இரும்பின் தடிமனை மில்லிமீட்டரில் கேளுங்கள். கேஜ் எண்ணில் சொன்னால், எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை நினைவில் வையுங்கள்: 14 கேஜ் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 11 கேஜ் ஏறத்தாழ 3. பெஞ்ச் "இத்தனை கிலோ தாங்கும்" என்றால் அதில் உங்கள் உடல் எடையும் அடக்கம். ஒவ்வொரு இணைப்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். நல்ல வெல்டிங் வரிவரியாகக் கையில் தட்டுப்படும், வழவழப்பாக ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் பெயிண்டைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். பாரைத் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புக் கம்பிகள் இல்லாத ஸ்டாண்டில் தனியாக பெஞ்ச் பிரஸ் செய்ய வேண்டாம். அவை வாங்கும்வரை தரையில் படுத்துச் செய்யலாம்.

அவர்களுடைய விளம்பரத்தை வேறொரு பெயரில் போன வாரமும் பார்த்தேன். அதே புகைப்படம்தான். படத்தில் உள்ள பாருக்குப் பிளேட் மாட்டும் பகுதி பிடியைவிடத் தெளிவாகத் தடித்து, முனையில் பளபளக்கும் உலோக வளையத்தோடு இருக்கிறது. கீழே அளவு விவரத்தில் "25 மில்லிமீட்டர், 7 கிலோ" என்று எழுதியிருக்கிறது. படமும் விவரமும் இப்படிப் பொருந்தாத விளம்பரத்தைக் கண்டால், பணம் செலுத்தும் முன் அந்தப் பாரின் முனை மூடியைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.