ஏடிவி இக்னிஷன் காயில்: மல்டிமீட்டரா, ஸ்பார்க் டெஸ்டரா?

ஏடிவியில் (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஸ்பார்க் பிளக்குக்குப் பொறிக்கான உயர் வோல்டேஜைத் தருவது இக்னிஷன் காயில். அது நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரிலும் பார்க்கலாம், ஸ்பார்க் டெஸ்டரிலும் பார்க்கலாம். முதலில் காயிலைத் தேட, ஸ்பார்க் பிளக் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். பெரும்பாலும் சீட்டுக்கோ டேங்குக்கோ அடியில் பிரேமில் மாட்டியிருக்கும்.

மல்டிமீட்டரில் காயிலின் பிரைமரி (மின்சாரம் உள்ளே வரும் சுருள்) பொதுவாகச் சில ஓம்களுக்குள்ளும் செகண்டரி (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்) ஆயிரக்கணக்கான ஓமிலும் காட்டும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு அளக்கவும், பலவற்றில் அதற்குள்ளும் ரெசிஸ்டர் உண்டு. சுருள் அறுந்திருந்தால் மீட்டர் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் சூடேறினால் மட்டும் மக்கர் பண்ணும் காயில், மீட்டரின் சின்ன வோல்டேஜில் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

ஸ்பார்க் டெஸ்டர் நிஜ வேலையைப் பார்க்கிறது: கிளிப்பை இன்ஜினில் எர்த் செய்து கிராங்க் செய்தால் பொறி பளிச்சென்று தாவ வேண்டும். தாவாவிட்டால் உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். சிடிஐ (பொறியின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி), ஸ்டேட்டர் (இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் சுருள்கள்), கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) எதுவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் முதலில் டெஸ்டர், அப்புறம் மீட்டர். பெட்ரோல் கசிந்தால் மட்டும் டெஸ்டரைத் தொடவே வேண்டாம்.