தறிக்கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இறக்கித் தந்தவர்கள்

அம்மாப்பேட்டையில் எங்கள் தறிக்கொட்டகைக்கு அப்பா காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்கிவிட்டுத் தகர ஷீட் போட்டுத் தந்தது செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் இந்தக் கடை. தகரம் பரவாயில்லை, ஒழுகவில்லை. பழசை இறக்கிய விதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசாரித்த வேறொரு இடத்தில், தட்டிக் கீழே தள்ளினால் அரை நாளில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஷீட் உடைந்தால் அதிலிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை தூசியாகப் பறக்கும். என் பெரியப்பா ஓர் ஆலையில் பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியவர். வேலையை விட்டுப் பல வருடம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிபி என்று மருந்து கொடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் எடுக்க எடுக்க ஊறியது. கடைசியில் நுரையீரல் உறையிலிருந்து சதை எடுத்துச் சோதித்தபோதுதான் மீசோதெலியோமா என்று தெரிந்தது. நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் அது. சிலருக்கு வயிற்றின் உள்ளுறையிலும் வரும். பீடி, சிகரெட்டால் வருவதில்லை. மூச்சோடு உள்ளே போன ஆஸ்பெஸ்டாஸ் இழை 20 முதல் 50 வருடம் கழித்துக்கூட நோயைக் கிளப்பும். வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, பெரியம்மா பக்கம் திரும்பவே எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

இந்தக் கடை மேஸ்திரி முந்தின நாளே வந்து தறியையும் பாவு நூலையும் தார்ப்பாயால் மூடச் சொன்னார். ஓஸ் தண்ணீரில் ஷீட்டை நன்றாக நனைத்த பிறகுதான் கை வைத்தார்கள். ஷீட்டைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஜே போல்ட்டை மட்டும் வெட்டினார்கள். ஷீட்டில் டிரில்லோ கிரைண்டரோ படவே இல்லை. முழுசு முழுசாகக் கைமாற்றி இறக்கினார்கள். ஒரு பையன் மட்டும் துண்டைக் கட்டியிருந்தான். துண்டு அந்த இழையைத் தடுக்காது என்றேன். மேஸ்திரி உடனே சரியான மாஸ்க் எடுத்துக் கொடுத்தார். தரையை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டுக் கட்டினார்கள்.

குறையும் உண்டு. இறக்கிய ஷீட்டை ஆட்டுப்பட்டிக்குக் கேட்கிறார்கள், விற்றுத் தரட்டுமா என்றார்கள். அங்கே ஒருவர் அதை உடைப்பார், அறுப்பார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கெட்டியான பாலித்தீனில் சுற்றித் தந்தார்கள், ஆனால் எடுத்துப் போகவில்லை. இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. அப்புறம், கடை வாசலிலேயே புது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1999லேயே தடை செய்த பொருள். நம் நாட்டில் இறக்குமதி செய்து இன்னும் தயாரிக்கிறார்கள். இவ்வளவு கவனமாக இறக்கத் தெரிந்தவர்கள் அதை விற்பதை நிறுத்த வேண்டும் என்று முதலாளியிடமே சொன்னேன்.

உங்கள் வீட்டு ஷீட் உடையாமல் நன்றாக இருந்தால் பதற வேண்டாம். துளை போடாமல், தேய்க்காமல் விட்டாலே போதும். மாற்றத்தான் வேண்டும் என்றால் இவர்களைக் கூப்பிடலாம். கூலி கூடுதல்தான். நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும் என்று பேசும்போதே சொல்லி, அந்த மேஸ்திரியையே கேளுங்கள்.