ஸ்மார்ட் ஸ்பீக்கர் நல்லதுதான், ரௌட்டரை மாற்றாத வரைக்கும்

காரைக்குடி வீட்டில் ரெண்டு வருடமாக ஓடும் ஸ்பீக்கர் இது. கம்பெனி பெயர் வேண்டாம், 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. சத்தத்தில் குறையே சொல்ல முடியாது; வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், வைத்தால் முற்றம் தாண்டி எதிர்ப்பக்கம் வரை முருகன் பாட்டு தெளிவாகக் கேட்கும். அப்பத்தா ஊஞ்சலில் இருந்தபடி சொன்னாலே எடுத்துக்கொள்கிறது. 'நிறுத்தப்பா' என்றால்தான் புரியாது, அதனால் 'ஸ்டாப்' என்று அதட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்.

போன மாதம் நெட் கனெக்‌ஷனை மாற்றினோம். புது ரௌட்டர், புதுப் பெயர், புது பாஸ்வேர்டு. அவ்வளவுதான், ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. "என்னப்பா, அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அப்பத்தா கேட்க, சரி, ரீசெட் பண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெட்டியில் வந்த துண்டுச்சீட்டில் 'பட்டனை அழுத்தவும்' என்பதோடு சரி. எவ்வளவு நேரம்? ஐந்து நொடி, பத்து நொடி, ஒன்றும் நடக்கவில்லை. நகம் வெளுக்கிற அளவுக்கு 20 நொடி விடாமல் அழுத்திய பிறகுதான் விளக்கு வளையம் அணைந்து, ஆரஞ்சு நிறத்தில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அப்புறம் செயலி: போனில் ப்ளூடூத், லொகேஷன் ரெண்டும் போட்டிருந்தால்தான் ஸ்பீக்கரையே கண்டுபிடிக்கும், அதையும் எங்கும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து கடைசிப் படியில், பாஸ்வேர்டு சரியாக இருந்தும், மூன்று தடவை 'இணைக்க முடியவில்லை'. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று ரெண்டு அலைவரிசை உண்டு; இந்த மாடலுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புது ரௌட்டரோ 2.4, 5 ரெண்டையும் ஒரே பெயரில் விடுகிறது. ரௌட்டர் செட்டிங்ஸில் 5-ஐ அணைத்தேன், ஒரே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டது, பிறகு மறுபடி போட்டுவிட்டேன்.

இன்னொன்று, ரௌட்டர் இருப்பது முகப்பில். ஸ்பீக்கரை வளவுக்குப் பின்னால் இருக்கும் ரெண்டாங்கட்டுக்குக் கொண்டுபோனால் நம் ஒன்றரை அடிச் சுவர்களுக்குப் பின்னால் அதற்குக் காது அடைத்துவிடுகிறது. 2.4 சுவரைத் தாண்டுவதில் 5-ஐவிடத் தேவலை, ஆனால் இந்த வீட்டைக் கட்டியவர்கள் வைஃபையை நினைத்துக் கட்டவில்லையே. வளவோடு வைத்துக்கொள்வதுதான் சரி.

வயிறெரிந்தது அதற்கப்புறம்தான். அம்மான் மகன் போனில் எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்: "பழைய பேரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமப் புது ரௌட்டருக்கு வச்சிருந்தா அதுவே கனெக்ட் ஆயிருக்குமே!" ரீசெட்டே தேவைப்பட்டிருக்காது. ரௌட்டர் மாற்றப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

ஒலிக்கு ஐந்துக்கு நாலு, துண்டுச்சீட்டுக்கு ஒன்று. ரீசெட்டில் அப்பத்தாவின் 4.30 அலாரமும் அழிந்துபோனது, திரும்ப வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் அவர் 4.25-க்கே எழுந்து வந்து ஸ்பீக்கரை எழுப்பிக்கொண்டிருந்தார்.