நாலடிக் கோடு

சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. ஊரில் அப்போதுதான் பள்ளிக்கூடம் திறக்கும். எங்கள் பிள்ளைகள் போய் இறங்கும் நேரத்தில், அவர்களோடு விளையாட வேண்டிய மாமா பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே வேன் ஏறிவிடுவார்கள். 2025 ஜூனிலும் இதே கதைதான். திருச்சி விமான நிலையத்தின் புது முனையத்தைப் பார்த்து "ஊரு சூப்பரா இருக்கே" என்று சொன்ன என் மகன், மூன்றாம் நாள் மத்தியானம் திண்ணையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அப்பா, இங்க ஸ்விம்மிங் பூல் இல்லையா?" என்றான்.

அவனுக்கு ஆறு வயது, மகளுக்குப் பத்து. சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பொது நீச்சல் குளம் இருக்கிறது. சனிக்கிழமை என்றால் அங்கேதான் கிடப்போம். பெரியவள் ஸ்விம்சேஃபரில் மூன்று நிலை முடித்தவள். அது சிங்கப்பூரில் 2010-இல் தொடங்கிய நீச்சல் பாதுகாப்புத் திட்டம், மொத்தம் ஆறு நிலைகள். கையைக் காலை அடிப்பதோடு நிற்காமல், தண்ணீரில் இறங்குமுன் எதைப் பார்க்க வேண்டும், விழுந்துவிட்டால் பதறாமல் எப்படி மிதக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எனக்கு அப்படியெல்லாம் நிலை எதுவும் இல்லை. எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது புது ஆறு. கல்லணைக் கால்வாய் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 1994-இல் நான் ஏழாவது படித்தேன். குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த வருஷம் அது. அவருக்கும் ஏறக்குறைய எங்கள் வயதுதான். அந்த வருஷம் மதகிலிருந்து குதித்தவன் எல்லாம் குற்றாலீஸ்வரன்.

அந்த ஆற்றில் ஜூன் முதல் வாரம் மணல்தான் கிடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறப்பது வழக்கம். இந்த முறையும் அன்றுதான் திறந்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, எங்கள் பக்கம் எட்டுவதற்கு இன்னும் சில நாள் ஆகும். எங்களுக்கு 14-ஆம் தேதி விமானம். சரி, தண்ணீர் வந்திருந்தாலும் பிள்ளைகளை இறக்கியிருப்பேனா என்றால் சந்தேகம்தான். கால்வாயில் பல இடங்களில் தரைக்கும் கரைக்கும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பாசனத்துக்கு அது நல்லது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண்கரை என்றால் ஒரு நாணல் வேரையாவது பிடித்து ஏறலாம். சரிவான சிமெண்டுக் கரையில் பாசி பிடித்துவிட்டால் எதைப் பிடிப்பது? மாமா வீட்டுக் கிணறு குப்பைக் குழியாகி வெகுநாள் ஆகிறது. பக்கத்திலேயே போர் போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் யோசித்துத்தான், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரத்துப் பொது நீச்சல் குளத்துக்குப் போவது என்று முடிவானது. எந்த நகரம், எந்தக் குளம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே தினக்கூலிக்கு நிற்கிறவர் தலையில்தான் விடியும்.

முன்பதிவு இணையத்திலேயே செய்யலாம். ஒரு மணி நேரம் ஒரு பேட்ச், ஆளுக்கு 50 ரூபாய், ஜிஎஸ்டி 9, ஆக 59. சிங்கப்பூரில் எங்கள் பேட்டைக் குளத்தில் அப்போது வார நாளில் பெரியவருக்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதாவது அன்றைய ஊர்க் காசில் 65 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதில்தான் சிக்கல். என் சிங்கப்பூர் கார்டை அது எடுக்கவில்லை, என்னிடம் ஜிபேயும் கிடையாது. மச்சானுக்குப் போன் போட்டு, க்யூஆர் படத்தை அனுப்பி, அவர் கட்டுவதற்குள் பக்கம் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து... வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஊரில் இருக்கும் நாள் முழுக்க யாராவது ஒரு மச்சானை நம்பித்தான் வாழ்கிறோம்.

பெண்களுக்கு மாலை நாலு முதல் ஐந்து வரை, ஆண்களுக்கு ஐந்து முதல் ஆறு வரை. மனைவிக்கும் மகளுக்கும் முதல் பேட்ச், எனக்கும் மகனுக்கும் அடுத்தது. நாலு பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இருக்க முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பரவாயில்லை, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அம்மாவும் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றே முக்காலுக்குப் போய்விட்டோம். வாசலில் ஒரு நோட்டு. பெயர், வயது, வந்த நேரம் எழுத வேண்டும். அப்புறம் ஓர் உறுதிமொழித் தாள்: "எனது உயிருக்கோ உடைமைக்கோ ஏதேனும் நேரிட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என உறுதி அளிக்கிறேன்." நானே கையெழுத்துப் போட்டு, நானே உறுதி அளித்துவிட்டேன். தொப்பி கட்டாயம் என்றார்கள், கொண்டுபோயிருந்தோம். பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது என்றார்கள். அது சரியான விதிதான். நூலும் பஞ்சும் போய் ஃபில்டரை அடைக்கும்.

அடுத்தது தூண். நுழைவில் இருந்த தூணில் நாலடி உயரத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. இணையத்தில் வயதைக் கேட்டார்களே தவிர உயரத்தைக் கேட்கவில்லை. மகன் போய் நின்றான். கோட்டுக்கும் தலைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. மெதுவாகக் குதிகாலைத் தூக்கினான். அப்போதும் ஒரு விரல் மிச்சம். காவலுக்கு இருந்த பெண்மணி சிரித்துவிட்டு, "அடுத்த வருஷம் வா சாமி" என்றார். சின்னக் குழந்தைகளுக்கு என்று தனியாக ஒரு தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. வேப்பஞ்சருகும், பிளாஸ்டிக் சறுக்குமரத்தின் கால் ஒன்றும், நிழலுக்கு வந்து படுத்திருந்த ஒரு நாயும்தான் இருந்தன.

சரி, அவன் என்னோடு உட்காரட்டும், பெண்கள் குளிக்கட்டும் என்றால், அன்று பெண்கள் பேட்ச் இல்லையாம். பெண் பயிற்சியாளர் லீவு. அவர் இல்லாமல் பெண்களை இறக்கக் கூடாது. அதுவும் நியாயமான விதிதான். ஆனால் மச்சான் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம் இல்லையா? ஓடிபி மட்டும் நொடியில் வந்தது. பெண்கள் நேரத்தில் பயிற்சி முகாம் பையன்கள் பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டிருந்தார்கள்.

இதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது குளத்தைப் பார்த்த பிறகுதான்.

நான் சிங்கப்பூரில் ஒரு காண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், பராமரிப்பு மேற்பார்வையாளர். மின்தூக்கி, குப்பை அறை, கார் நிறுத்தும் இடம் இவற்றோடு குளமும் என் ரோந்தில் உண்டு. காலையில் முதல் வேலை சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது. குளோரின் ஒன்றிலிருந்து மூன்று பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-இலிருந்து 7.8. ஆனால் குழாயே இல்லாமல் ஒரு சோதனை இருக்கிறது, எங்கள் பழைய மேலாளர் சொல்லிக்கொடுத்தது: கரையில் நின்றால் ஆழமான பக்கத்தில் தரையில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் எண் எதுவாக இருந்தாலும் கயிற்றைக் கட்டு, பூட்டு. கீழே ஒரு பிள்ளை கிடந்தாலும் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது, அதற்காகத்தான்.

அங்கே வடிகால் மூடி தெரியவில்லை. தரைக் கோடுகளும் தெரியவில்லை. இடுப்பளவு ஆழத்தில் நின்ற பையனின் பாதமே தெரியவில்லை. தண்ணீர் பட்டாணிக் கொதிநீர் மாதிரி ஒரு பச்சை. மூக்கில் ஏறும் நெடி வேறு. "குளோரின் வாசம் நல்லா வருதே, சுத்தமாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நல்ல குளத்தில் அவ்வளவு நெடி வராது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளப்புவதுதான் அந்த வாசம். நெடி தூக்கினால் அழுக்குக்குக் குளோரின் போதவில்லை என்று பொருள்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. மோட்டார் சத்தமே இல்லை. எந்தக் குளத்திலும் எங்கேயாவது ஒரு மூலையில் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் மணல் ஃபில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இங்கே பையன்களின் கூச்சல் அடங்கினால் காக்கை கத்துவதுதான் கேட்டது.

ஓரத்தில் நின்றவரிடம் கேட்டேன். முப்பது வயது இருக்கும், நீல டி-சர்ட், கழுத்தில் விசில். "மோட்டார் காயில் போயிருச்சு சார். ரீவைண்டிங்குக்குக் குடுத்திருக்கு. பத்து நாளாச்சு."

"ஸ்டாண்ட்பை மோட்டார்?"

"அது போன வருஷமே போயிருச்சு."

அவர் பேசிக்கொண்டே ஒரு பெயிண்ட் வாளியை எடுத்தார். உள்ளே பிளீச்சிங் பவுடர். குழம்புக் கரண்டி மாதிரி ஒன்றால் அள்ளி, பூவாளியால் தெளிப்பது போல ஓரத்தில் வீசிக்கொண்டே நடந்தார். பையன்கள் தண்ணீருக்குள் இருக்கும்போதே. பவுடர் விழுந்த இடத்தில் பால் ஊற்றினாற்போல வெள்ளையாகப் பரவியது. அதில் இருக்கும் சுண்ணாம்பு முழுக்கக் கரையாது, தண்ணீரை இன்னும் கலங்கடிக்கும். வெயிலில் குளோரின் மாலைக்குள் போய்விடும். ஃபில்டர் ஓடாத குளத்தில் இதைச் செய்வது, அடுப்பை அணைத்துவிட்டு உப்பை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது மாதிரி. பருத்தித் துணி ஆகாது என்று வாசலில் சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. எந்த ஃபில்டரைக் காப்பாற்ற?

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம இறங்கக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்காங்க." மூன்றாம் நிலை.

நான் அவரிடம் மெதுவாகவே கேட்டேன், "தரை தெரியலையே தம்பி, ரெண்டு நாள் மூடிப் போடலாமே?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "மூடுனா ஏன் மூடுனேன்னு கேப்பாங்க சார். தொறந்து வச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வேலையில், மூடவில்லை என்றால்தான் என்னைக் கேட்பார்கள். 59 ரூபாய்க்கும் ஒரு வெள்ளிக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவுதான் என்று தோன்றியது. மோட்டார் எல்லா ஊரிலும்தான் எரிகிறது, எங்கள் காண்டோவிலும் எரிந்திருக்கிறது.

காசு திரும்பக் கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: பையன்களை ஆழம் குறைந்த பக்கமாவது நகர்த்த முடியுமா? அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மிதவைக் கயிற்றை எடுத்து வந்தார். அதில் பாதி மிதவைகளைக் காணோம். நானும் ஒரு நுனியைப் பிடித்தேன். குறுக்கே கட்டிவிட்டு விசில் ஊதினார். பன்னிரண்டு பேரும் மூன்றரை அடிப் பக்கம் வந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். அவரும் எண்ணினார்.

கிளம்பும்போது, "அடுத்த தடவ வாங்க சார், இதே டிக்கெட்ல உள்ள விடுறேன்" என்றார். நல்ல மனிதர்.

கம்பிக் கதவுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தார். பார்வையாளர்களுக்கும் அனுமதி இல்லை. நாலு பேரும் காய்ந்த தலையோடு வருவதைப் பார்த்து, "இதுக்கா ஏரோபிளேன் ஏறி வந்தீங்க?" என்றார். டாக்ஸியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். தலையில் நீச்சல் தொப்பியோடு புளியோதரை சாப்பிட்டான் மகன். கழற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயியிடம் பென்சில் வாங்கி, பூஜை அறை வாசல் நிலையில் முதுகை ஒட்டி நின்று ஒரு கோடு போடச் சொன்னான். டேப் வைத்துப் பார்த்தால் மூன்றடி பத்து அங்குலம். நாலடியில் இன்னொரு கோடு போட வேண்டும் என்றான். அதையும் போட்டார் அம்மா, குங்குமத்தைத் தொட்டு.

ஜூலைக் கடைசியில் மச்சானிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு. அந்தப் பக்கம் வேலையாகப் போனவர் குளத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். "மாப்ள, மோட்டாரு வந்து மாட்டிட்டாங்க, சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. ஆனா லேடீஸ் பேட்ச் இப்ப சனிக்கிழமை மட்டுந்தானாம்." மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் முழுதாகக் கேட்கவில்லை. போனை வாங்கி அப்பாயியைக் கூப்பிட்டு, நிலையில் இருக்கும் கோட்டைக் காட்டச் சொன்னான். வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார்களாம். அந்த ஒரு கட்டையை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாராம் அம்மா.