சீலிங் ஹேங்கரும் கொல்லைப்புறக் கொடியும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனிக் கூரையிலிருந்து தொங்கவிடப்படும் சீலிங் ஹேங்கர், சென்னையில் இப்போது ஏறத்தாழ வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கடலுக்கு அருகில் உள்ள எங்கள் குடியிருப்பில் அதை மழைக்காலத்திலும் கோடையிலும் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். மன்னார்குடியில் எங்கள் கொல்லையில் கட்டியிருந்த கொடியில் துணி காய்ந்த விதமே இன்றும் என் அளவுகோல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாதனத்தின் அமைப்பு எளிமையானது. ஆறு எவர்சில்வர் குழாய்கள். ஒவ்வொன்றையும் கப்பிகளின் வழியாக ஓடும் நைலான் கயிறு தனித்தனியே தாங்குகிறது. குழாயை மார்பளவுக்கு இறக்கித் துணியை விரித்து, மேலே இழுத்துச் சுவரில் உள்ள கொக்கியில் கயிற்றை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. கையை உயர்த்த முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் விட்டத்திலிருந்து மூங்கில் கொடி தொங்கும். பூசைக்கும் சமையலுக்கும் தூய்மையாக உடுத்தும் மடித் துணி யார் மேலும் படாதபடி, நீண்ட கோலால் அதை மேலே ஏற்றிப் போடுவார்கள். அங்கே கோல் மேலே போயிற்று, இங்கே கொடியே கீழே வருகிறது.

எங்கள் கொல்லைக் கொடியோ தென்னைக்கும் கிணற்றடித் தூணுக்கும் இடையே கட்டிய தேங்காய் நார்க் கயிறு. ஈரத் துணியின் பாரத்தில் நடுப்பகுதி தாழ்ந்து மண்ணைத் தொடப் பார்க்கும்போது, அம்மா கவைக்கம்பு ஒன்றை முட்டுக்கொடுத்து நிமிர்த்துவார். கிளிப் என்ற பொருளே வீட்டில் கிடையாது. கயிற்றின் முறுக்கைச் சற்றே பிரித்துக் கைக்குட்டையின் நுனியைச் செருகிவிட்டால் ஆடிக் காற்றிலும் அது பறக்காது. அதைச் செருகுவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. முசுறு எறும்புகள் மரத்திலிருந்து மரத்துக்குப் போக அந்தக் கயிற்றையே பாதையாக்கிக்கொள்ளும் என்பதால், மாலையில் ஒவ்வொரு துணியையும் உதறிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வானம் இருட்டினால் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவோம். அள்ளி வந்த துணிக்குவியலில் முகம் புதைத்தால் வெயிலின் சூடும் கஞ்சியின் மணமும் சேர்ந்து வரும். அந்த மணத்தை எந்தச் சலவைத் திரவத்திலும் நான் கண்டதில்லை.

இந்த ஹேங்கரின் உண்மையான குறை இந்த ஒப்பீட்டில்தான் தெரிகிறது. புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர். கொல்லைக் கொடியில் அதை நீளவாக்கில் ஒற்றையாக விரிக்க இடமிருந்தது; நீலம் போட்ட எட்டு முழ வேட்டிக்கும் அப்படியே. ஆறடிக் குழாயிலோ புடவையை மூன்று நான்கு மடிப்பாகத்தான் போட முடியும். மடிப்புகளுக்கு இடையே காற்று புகாததால், வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் பருத்திப் புடவை மறுநாளும் சில்லென்றே இருந்து முடைநாற்றம் பிடிக்கிறது. கூரையை ஒட்டிய இடத்தில் நேர்வெயில் படுவதில்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கிருமிகளைக் குறைக்கும் நன்மையும் அங்கே கிடைப்பதில்லை. சாயத் துணிகள் வெளுக்காமல் இருப்பது மட்டுமே நிழலால் வரும் ஆதாயம். சட்டை, உள்ளாடை, குழந்தைகளின் உடைகள் ஆகியவற்றுக்கு ஹேங்கர் முற்றிலும் போதுமானது. குழாய்களை ஒன்றுவிட்டு ஒன்று உயரம் மாற்றி நிறுத்தினால் காற்றோட்டம் ஓரளவு கூடுகிறது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது எவர்சில்வரின் தரம். கடையில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை, ஆகவே உயர்தரம் என்று காட்டுகிறார்கள். 304 தரமும் அதைவிட மலிவான 202 தரமும் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவையே என்பதால் இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. 202 தரத்தில் நிக்கல் குறைவு, அதை ஈடுசெய்ய மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. உப்புக்காற்றில் அது விரைவில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். வெள்ளை வேட்டியில் ஏறிய துருக்கறை எளிதில் போகாது. ஆகவே கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள் 304 என்பதை ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. கப்பிகளைக் கான்கிரீட்டில் துளையிட்டுப் பொருத்த வேண்டுமே தவிர, பொய்க்கூரையில் மாட்டக் கூடாது. வெயில் படும் நைலான் கயிறு நாளடைவில் வலுவிழக்கும். நார் பிரியத் தொடங்கியதுமே மாற்றிவிட வேண்டும்.

இடம் குறைந்த வீட்டுக்கு இதை வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் மொட்டை மாடியில் கயிறு கட்ட உங்கள் குடியிருப்பில் அனுமதி இருந்தால், புடவையையும் வேட்டியையும் படுக்கை விரிப்பையும் அங்கேயே கொண்டுபோய்க் காயப்போடுங்கள். இரண்டு தூண்களுக்கு இடையே புடவை நீளத்துக்குக் குறையாத தூரம் இருக்கட்டும்.